கேஸ் தீரவில்லை, கசிகிறது

 

கோடை தொடங்கிவிட்டது. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போரூரிலிருந்து காட்டுப்பாக்கம் வரை வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நண்பகலில் கார் ஏ.சி. குளிராவிட்டால், நம் நாவில் உடனே வருவது ஒரே சொல்தான்: ‘கேஸ் தீர்ந்துவிட்டது.’ பட்டறைக்குச் செல்கிறோம், கேஸ் நிரப்புகிறோம், பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். இந்தச் சிறிய கொடுக்கல் வாங்கலில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது என்பது என் கருத்து.

ஐயப்பன்தாங்கலில் வசிக்கும் நானும் அடுத்தடுத்து இரண்டு கோடைகளில் இப்படிக் கேஸ் நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மூன்றாம் ஆண்டு வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் கேஸ் போட மறுத்துவிட்டார். “வண்டியை விட்டுட்டுப் போங்க பாய். எங்க லீக்குன்னு பார்க்காம போட்டா உங்க காசும் போயிடும், என் பேரும் போயிடும்” என்றார். “அவசரம் அண்ணே, இந்தக் கோடைக்கு மட்டும் போட்டுக் கொடுங்க” என்று நான் மன்றாடினேன். அவர் இணங்கவில்லை. மறுநாள் காரணத்தைக் காட்டினார்: குழாய் இணைப்பு ஒன்றில் இறுகிப் போயிருந்த சிறிய ரப்பர் வளையம். கசிவுக்கான காரணம் அவ்வளவுதான்.

கார் ஏ.சி.யின் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. கம்ப்ரசர், கண்டென்சர், எவாப்பரேட்டர் ஆகியவற்றை இணைக்கும் மூடிய வளையத்துக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பல ஆண்டுகளில் ரப்பர் குழாய்கள் வழியாகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். நம் ஊர்ப் பெயரில் உள்ள ‘தாங்கல்’ என்ற சொல் பாசனத்துக்கு நீர் தேக்கும் சிற்றேரியைக் குறிக்கும். கரை உடைந்த தாங்கலில் நீரை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் உழவரை நாம் அறிவாளி என்போமா?

இங்கே முதலில் எழுவது வணிக நேர்மை பற்றிய கேள்வி. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். கசிவு உண்டென்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் கேஸ் நிரப்பித் தருவது, ஈரத்தை அடியில் மறைத்த அந்தக் குவியலைப் போன்றதே.

அடுத்தது அளவை. ஷுஐப் (அலை) அவர்களின் சமூகத்தார் அளவிலும் நிறுவையிலும் செய்த மோசடிக்காக எச்சரிக்கப்பட்டார்கள். சிறிய கார்கள் பலவற்றுக்குத் தேவைப்படும் கேஸ் ஏறத்தாழ அரைக் கிலோ, அல்லது அதற்கும் குறைவு. எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும். வேக்கம் பம்பு கொண்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, தராசில் எடை பார்த்து நிரப்புவதே முறை. ஈரம் தங்கினால் அமிலம் உருவாகி உள்பாகங்களை அரிக்கும். அளவு மிஞ்சினால் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் கெடும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்பவருக்குத் தராசு இன்னும் கூடுதலான அமானிதம்.

மூன்றாவது, நம்மில் பலர் எண்ணியும் பாராதது: கசிந்த கேஸ் எங்கே போகிறது? முன்பு கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தது. அதைத் தடுக்கவே 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது; இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அரைக் கிலோ கசிந்தால், ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கான 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது; 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். நம் காருக்குள் குளிர் வேண்டி, ஏ.சி. இல்லாமல் வெயிலில் நடப்பவரின் வானத்தைச் சூடாக்குவது அண்டை வீட்டாரின் உரிமையைப் பறிப்பதாகாதா?

“வாடகைக் கார் ஓட்டி அன்றாடம் பிழைப்பவர் ஒரு நாள் வண்டியை நிறுத்த முடியுமா?” என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டுதோறும் கேஸுக்குப் பணம் தருவதில் அதிகம் இழப்பவரும் அவரே. உண்மையைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுவது மெக்கானிக்கின் கடமை. சில வேளைகளில் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கும், அல்லது விசிறி ஓடாதிருக்கும். அப்போது கேஸே தேவைப்படாது.

குற்றத்தை மெக்கானிக் மீது மட்டும் சுமத்த நான் விரும்பவில்லை. அன்று கசிவைப் பார்க்க வேண்டாம் என்று வற்புறுத்தியவன் நான்தான். நேர்மையாளரை அவசரத்தாலும் பேரத்தாலும் குறுக்குவழிக்குத் தள்ளும் வாடிக்கையாளருக்கும் அந்தத் தவறில் பங்குண்டு.

நம் மஹல்லாக்களில் இத்தொழில் செய்யும் இளைஞர்கள் பலர் உள்ளனர். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சேகரிக்கும் இயந்திரம் வாங்க, பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு அழகிய கடன் கொடுத்தால் என்ன? அது ஒரு குடும்பத்தின் ஹலாலான வருமானத்துக்கும் உதவும். ஊரின் காற்றுக்கும் உதவும்.

அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, “கேஸ் போடுங்கள்” என்பதற்கு முன், “எங்கே கசிகிறது என்று பாருங்கள்” என்று சொல்வோம். பார்த்துச் சொல்பவரின் உழைப்புக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்போம். நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!