ரேடியோவைக் கழற்றும் பிள்ளை

ஹட்டனுக்கு அருகிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் மகன் கையில் கிடைக்கும் காசையெல்லாம் பழைய ஸ்பீக்கரிலும் வயரிலும் போடுகிறானாம். மேசை நிறையக் கழற்றிய ரேடியோக்கள். வாப்பா ஒருநாள் அத்தனையையும் அள்ளிக் குப்பையில் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார் தாய்.

அள்ளிப் போட வேண்டாம் என்பதே என் பதில். வாப்பாவின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. நான் சிறுவனாக இருந்த நாட்களில் மத்திய அலையில் ஒரு நிலையத்தைப் பிடிக்க ரேடியோவையே இப்படியும் அப்படியும் திருப்புவோம். ஒரு பக்கம் திருப்பினால் குரல் கணீரென்று வரும். கால் வட்டம் திருப்பினால் மறைந்துவிடும். உள்ளே இருக்கும் பென்சில் போன்ற கறுப்புக் காந்தத் தண்டின் வேலை அது. அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கினால் அலை நன்றாகப் பிடிபடும், நுனி நோக்கினால் பிடிபடாது. ஏன் இப்படி என்று கேட்டு மூடியைத் திறந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். இன்னும் சிலர் ஒரு ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார்கள். வெறும் ஸ்பீக்கர் தகரம் போலக் கீச்சிடும். ஏனென்றால் அதன் முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் சந்தித்து, தாழ்ந்த ஒலிகளை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பானை பின்பக்கத்து அலையை அடைத்துக்கொள்ள, அதே ஸ்பீக்கரிலிருந்து ஆழமான குரல் எழும். அந்த வித்தியாசத்தைச் சொந்தக் கையால் உண்டாக்கிக் கேட்ட பிள்ளையை அந்த ஆசை பிறகு இலேசில் விடுவதில்லை.

நம் நாட்டு ஒலிபரப்பே இப்படியொரு ஆர்வத்தில் பிறந்ததுதான். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உதிரிப் பாகங்களைக் கொண்டே அந்த ஒலிபரப்பியைச் செய்தார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

இனி இரண்டு தந்தைமாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் அகியோ மொரீட்டாவின் வீட்டில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் ஒன்று இருந்தது. கரகரப்பான ஒலி பிள்ளைகளின் காதுக்கு நல்லதல்ல என்று எண்ணிய தகப்பனார், பெரும் பணம் கொடுத்து மின்சாரத்தில் இயங்கும் அமெரிக்கப் பெட்டியை வாங்கினார். அதே இசைத்தட்டு வேறு இசையாகக் கேட்டதும் சிறுவன் திகைத்துப் போனான். பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தான். தானே ரேடியோ செய்தான். பாடசாலையில் தேறுவதே சந்தேகம் என்ற நிலையும் வந்தது. மின்னியலை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்துத்தான் மேலே போனார். தலைமுறை தலைமுறையாக வந்த மது வடிக்கும் தொழிலுக்கு மூத்த மகனாகிய அவரே வாரிசு. ஆனாலும் 1946இல் மசாரு இபுகாவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்துக்குத் தகப்பனார் விட்டுக்கொடுத்தார்; பணமும் கொடுத்துதவினார். அதுவே பின்னாளில் சோனி ஆனது.

மற்றவர் அமர் போஸ். தகப்பனார் வங்காளத்தில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு, அமெரிக்காவுக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் அவருடைய இறக்குமதி வியாபாரம் படுத்தது. பழுதான ரேடியோக்களைத் திருத்திப் பழகியிருந்த பதின்மூன்று வயது மகன், அதையே தொழிலாகச் செய்யலாம் என்றான். குடும்பத்துக்கு அது கைகொடுத்தது. 1956இல் மாணவனாக இருக்கும்போது ஆசையோடு வாங்கிய ஒலிக் கருவி ஏமாற்றவே, ஆராயத் தொடங்கினார். 1964இல் சொந்த நிறுவனம் கண்டார். அதற்குப் பிறகும் 2001 வரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாடம் நடத்துவதை அவர் விடவில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இதில் தனி மகிழ்ச்சி.

ஹட்டன் பிள்ளையும் பெரிய கம்பனி தொடங்குவான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நூறில் தொண்ணூற்றொன்பது பேர் தொடங்க மாட்டார்கள். ஆனால் நுணுகிக் கேட்கும் காது அவர்களிடம் தங்கிவிடும். தஜ்வீத் சொல்லிக் கொடுக்கும் எனக்கு அதன் பெறுமதி தெரியும். 'ஸே' எழுத்தையும் 'ஸீன்' எழுத்தையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளே. பழைய தொலைபேசி வழியில் 3,400 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் போகாது. அதனால்தான் அதில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி முழுக் குர்ஆனையும் ஓதிய ஒலிப்பதிவு 1961இல் வெளிவந்தது. அதை மலிவான ஒரு பெட்டியிலும் நல்ல ஒரு பெட்டியிலும் மாறிமாறிக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இனி வாப்பாவின் பக்கம். பரீட்சை முடியும் வரை மேசையில் ஒரேயொரு ரேடியோ, மற்றவை பெட்டிக்குள். வேலை 12 வோல்ட் பெற்றரியில் மட்டும், அதன் கம்பியில் ஒரு பியூஸும் வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் பெட்டிகளைத் திறக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது ஆளைக் கொல்லும். ஹெட்போன் போட்டால் சத்தத்தைக் குறைத்துக் கேட்கட்டும். பெரியவர்களுக்கே 80 டெசிபெல்லில் வாரம் 40 மணித்தியாலம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு, சிறுவர்களுக்கு 75.

இன்னொன்று, பக்கத்து லயத்தில் இருப்பவர்கள் விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர்களின் சுவரைத் தாண்டி ஒரு சத்தமும் போகக் கூடாது. அயலவரின் உரிமையில் ஆசைக்கு இடமில்லை.

கேட்ட தாய்க்கு ஒரு யோசனை. வருகிற விடுமுறையில் பழைய பானை ஒன்றை மகனிடம் கொடுங்கள். ஸ்பீக்கரைக் கவிழ்ப்பதற்கு முன்னும் பின்னும் வாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கட்டும்.