கண்ணுக்கு ஒரு லட்சம், காதுக்கு மிச்சம்

கன்சோலுக்கு டிவி தேடும் நண்பர்களோடு உட்கார்ந்தால் பேச்சு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். "55 இஞ்ச் போதுமா, 65 போயிரலாமா? ஓலெட்டா, மினி எல்இடியா? 4கே-ல 120 வருமா?" இது ஒரு மணி நேரம் ஓடும். கிளம்பும்போது யாராவது சவுண்டைப் பற்றிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அதான் டிவிலயே வருதே மச்சி. பின்னாடி பாத்துக்கலாம்."

அந்தப் 'பின்னாடி' வருவதே இல்லை. ஒரு லட்சம் பட்ஜெட் என்றால் மொத்தமும் திரைக்குப் போய்விடும். காதுக்கு மிஞ்சுவது, டிவியின் முதுகில் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள்.

இதை வெறும் ரசனைக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. நமக்குத் தப்பான வினைச்சொல்லை விற்றிருக்கிறார்கள். டிவியைப் பார்க்கிறோம், படத்தைப் பார்க்கிறோம். கேமை ஆடுகிறோம். பார்க்கிறவருக்கு வேண்டியதும் ஆடுகிறவருக்கு வேண்டியதும் வேறு வேறு. ஆடுகிறவருக்கு முதலில் நேரம் பிசகக்கூடாது. அடுத்தது காது. திரையின் பளபளப்பு அதற்கப்புறம்தான். கடைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விற்கின்றன. நாமும் இஎம்ஐ போட்டு வாங்கி வருகிறோம்.

தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் கூத்து நடந்திருக்கிறது, ட்யூப்லைட் வெளிச்சத்திலும் நடக்கிறது. மத்தளம் இல்லாமல் நடக்காது. ஆடுகிற உடம்புக்கு எது உயிர், எது அலங்காரம் என்று அந்தக் கலைஞர்களுக்குத் தெரியும். டிவி கடைக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லாது.

கடையில் என்ன நடக்கிறது? சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் அதே மாதிரி வீடியோ: வெட்டிய பழம், சொட்டும் தேன், பவளப்பாறை மீன். எல்லாம் 'விவிட்' மோடில், உச்ச வெளிச்சத்தில். பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று இருப்பதுதானே விற்கும்? சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், அல்லது கடை முழுக்க ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கன்ட்ரோலரை மாட்டி உங்கள் கையில் கொடுப்பது அபூர்வம். பட்டனை அழுத்தினால் திரை எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது, அந்த டிவி எப்படிக் கேட்கிறது, இந்த இரண்டையும் சோதிக்க வழியில்லை. சோதிக்க முடிந்த மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு கார்டை நீட்டுகிறோம்.

முதலில் நேரக் கணக்கு. பட்டனை அழுத்துவதற்கும் அது திரையில் தெரிவதற்கும் நடுவே டிவி சேர்க்கிற தாமதத்துக்கு இன்புட் லேக் என்று பெயர். வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமின் ஆயுள் சுமார் 16.7 மில்லிசெகண்ட். 120 ஓடினால் 8.3. இன்றைய நல்ல டிவியை 'கேம் மோடில்' வைத்தால் இந்தத் தாமதம் ஒரு ஃப்ரேமுக்குள் அடங்கிவிடும். அதே டிவியை விவிட்டிலோ சினிமா மோடிலோ விட்டால் 50, 100 மில்லிசெகண்ட் என்று ஏறுகிற மாடல்கள் நிறைய. 100 என்றால் ஆறு ஃப்ரேம். 'செகிரோ'வில் எதிரியின் வாள் இறங்குகிறது. திரையில் பார்த்த நொடியில் நீங்கள் தடுக்கிறீர்கள். ஆனால் டிவி காட்டியது ஆறு ஃப்ரேம் பழைய செய்தி. செத்துப்போவது நீங்கள். "நமக்கு ரிஃப்ளெக்ஸ் பத்தல" என்று நொந்துகொள்வதும் நீங்கள்தான்.

இந்தத் தாமதத்தில் பெரும்பங்கு, படத்தை 'அழகாக்க' டிவி செய்யும் வேலைகளால் வருகிறது. மோஷன் ஸ்மூத்திங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே இல்லாத ஒன்றை ஊகித்து வரைந்து, அசைவை வழுவழுப்பாக்கும் வித்தை அது. நடுவில் வரைய வேண்டுமென்றால் அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பில் உங்கள் கை தோற்கிறது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோ வெளியிட்டு, வீட்டில் படம் பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடமே 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. சினிமாவுக்காகப் பேச டாம் க்ரூஸ் இருந்தார். ஆடுகிறவர்களுக்கு செட்டிங்ஸ் மெனுதான் கதி. டிவி தானாகவே கேம் மோடுக்கு மாறும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஸ்டிக்கர்கள். 55 இஞ்ச் திரையில் சாதாரண 1080 ஃபுல் ஹெச்டி படத்தை, சராசரிப் பார்வை உள்ளவர் ஏழடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகப் பிரித்தறிய முடியாது. இது கண்ணின் கணக்கு, எந்த விளம்பரமும் மாற்ற முடியாது. உங்கள் ஹாலில் சோபா எத்தனை அடியில் இருக்கிறது? எட்டடி என்றால் 4கே-யின் கூர்மைக்காகக் கொடுத்த காசில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்து சேரவே இல்லை. அதே திரையில் 8கே-யை முழுதாக அனுபவிக்க இரண்டடிக்குள் மூக்கை வைக்க வேண்டும். ப்ளேஸ்டேஷன் 5 பெட்டியில் 2020-இல் 8கே என்று அச்சிட்டிருந்தார்கள். 2024-இல் பார்த்தால் பெட்டியில் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தார்கள்.

'ஹெச்டிஎம்ஐ 2.1' ஸ்டிக்கர் இன்னொரு கூத்து. 4கே-யில் 120 ஃப்ரேம், கன்சோலின் வேகத்துக்கேற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர், இதெல்லாம் கிடைக்கும் என்று நம்பி வாங்குவோம். அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ள இவற்றில் எதுவுமே கட்டாயமில்லை, எல்லாம் விருப்பப்பட்டால்தான் என்பது 2021 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள். 'எந்தப் போர்ட்டில் 120 வரும், எந்தப் போர்ட்டில் விஆர்ஆர் வரும்' என்று எழுத்தில் கேளுங்கள். பல டிவிகளில் முழு வேகம் இரண்டு போர்ட்டில் மட்டும்தான் இருக்கும். அதில் ஒன்றுதான் சவுண்டை வெளியே அனுப்பும் இஆர்க் போர்ட்டும். சவுண்ட்பாரை மாட்டினால் ஒன்று காலி. இரண்டு கன்சோல் வைத்திருப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். சவுண்டை 'பின்னாடி பாத்துக்கலாம்' என்று தள்ளியவருக்கு இது பின்னாடிதான் தெரியும்.

இனி காது. பழைய பிக்சர் ட்யூப் டிவி குண்டாக இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது. ஆனால் பெரும்பாலும் அதன் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்தது. உள்ளே காற்று அசைய இடமும் இருந்தது. அடித்தொனி என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. விரல் கனத்துக்கு மெலிந்த டிவிக்குள் அந்த இடம் கிடையாது. ஓரப்பட்டையும் இருக்கக்கூடாது என்பதால் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ ஒளிந்துகொண்டது. டிவி ஒல்லியானதற்கு விலை கொடுத்தது காதுதான்.

இதனால் ஆட்டத்தில் என்ன நஷ்டம்? 2019-இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' மறுவடிவில் மிஸ்டர் எக்ஸ் என்றொரு ராட்சதன், காவல் நிலையக் கட்டடம் முழுக்க உங்களைத் தேடி அலைவான். அவன் மேல்மாடியில் நடக்கிறானா, பக்கத்து அறையில் நடக்கிறானா என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் உங்கள் வரைபடம். டிவி ஸ்பீக்கரில் எல்லாத் திசையும் ஒரே 'தொம் தொம்' ஆகிவிடும். பயம் போய் எரிச்சல் மிஞ்சும். 'ஹெல்ப்ளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' ஆட்டத்தில் மனப்பிறழ்வு கொண்ட நாயகியின் தலைக்குள் ஒலிக்கும் குரல்களை, இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாகக் கேட்கும்படி பதிவு செய்தார்கள். ஆரம்பத்திலேயே ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்லும். அதை டிவி ஸ்பீக்கரில் ஆடி முடித்தவர் பாதி கேமைத்தான் ஆடியிருக்கிறார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-வில் பார்வையற்றவர்களும் ஆடும்படி ஒலிக்குறிப்புகளை அமைத்தார்கள். திரையே தெரியாமல் அதை முடித்தவர்கள் இருக்கிறார்கள். சத்தமே இல்லாமல் முடித்துக் காட்டலாம்தான். ஆனால் கேமின் உலகத்தைக் கட்டுவதில் காதுக்கு எத்தனை பங்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம்ம ஊர்ச் சாட்சியும் உண்டு. டொராண்டோவில் உருவான 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-இல் பாஃப்டா விருது வாங்கியது. கையால் வரைந்தது போன்ற எளிய படங்கள். பழைய 32 இஞ்ச் டிவியில் ஆடினாலும் ஒன்றும் குறையாது. எண்ணெயில் தாளிக்கும் சத்தமும், அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசையை நினைவூட்டும்படி அமைத்த பாட்டுகளும்தான் அதில் வீட்டு நினைவைக் கிளப்புகின்றன. லட்ச ரூபாய்த் திரையில், தகர டப்பா சத்தத்தில் 'வெண்பா' ஆடுவது, இலை நிறையப் பரிமாறிவிட்டு உப்பை மறந்த மாதிரி.

"சரி, ஒரு சவுண்ட்பார் வாங்கி ப்ளூடூத்ல மாட்டிடுறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சத்தம் காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சாதாரண ப்ளூடூத் 150 மில்லிசெகண்ட் தாமதம் சேர்ப்பது சகஜம். அந்த நேரத்தில் சத்தம் ஐம்பது மீட்டர் கடந்துவிடும். அதாவது ஸ்பீக்கரைத் தெருமுனையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் ஆடுகிறீர்கள். படத்துக்கு டிவி உதட்டசைவைச் சரிக்கட்டும். ஆட்டத்துக்கு உங்கள் விரலை யாரும் சரிக்கட்ட முடியாது. வயர் போடுங்கள். கன்சோலை நேரே டிவிக்கு மாட்டி, டிவியிலிருந்து இஆர்க் வழியாக சவுண்டை எடுங்கள்.

வாட்ஸ் எண்ணையும் நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் டேப்ரெக்கார்டர் மேல் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் எண் போட்டு விற்றது அப்பாக்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த எண்ணுக்கு ஏற்றுக்கொண்ட அளவுகோலே கிடையாது. அதன் வாரிசுகள்தான் இன்றைய சவுண்ட்பார் பெட்டியின் பிரம்மாண்ட வாட்ஸ்கள். மேல்நோக்கிய ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லாத ஒல்லிப் பட்டையிலும் 'அட்மாஸ்' என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காசுக்கு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைத் திரைக்கு இருபுறமும் காது உயரத்தில் வைத்தால் இடம், வலம், தூரம் மூன்றும் துல்லியமாகக் கிடைக்கும். சப்வூஃபர் அவசியமில்லை. அபார்ட்மெண்ட் என்றால் கீழ்வீட்டுக்காரர் வாழ்த்துவார்.

என்னிடம் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. முதலாவது: "திரை முக்கியமில்லையா?" முக்கியம்தான். இருட்டான கேமில் ஓலெட்டின் கறுப்பு நிஜமான கறுப்பு. நல்ல ஹெச்டிஆர் ரெசல்யூஷனைவிடப் பெரிய மாற்றம். நான் கேட்பது பங்கீடு. லட்சத்தில் அறுபது, அறுபத்தைந்து திரைக்கு, இருபத்தைந்து முப்பது சவுண்டுக்கு. மிச்சத்தில் ஒரு கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும். டைல்ஸ் தரையும் காங்கிரீட் சுவரும் சத்தத்தைப் பந்தாடும் அறையில் இந்த இரண்டும் சில ஆயிரம் ரூபாய் சவுண்ட் சிஸ்டத்துக்குச் சமம். ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்தால் மெல்லிய காலடிகளும் கேட்கும். அதற்குக் காசே வேண்டாம்.

இரண்டாவது: "இதெல்லாம் பணக்காரப் பேச்சு. இருக்கிற டிவியில் ஆடுகிறவன் என்ன செய்வான்?" அவருக்குத்தான் இந்தக் கட்டுரை அதிகம் பயன்படும். ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் கன்ட்ரோலரிலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வயர் இயர்போனைச் செருகினால், சோனி வெளியீட்டு நாளிலிருந்தே ஹெட்போனுக்கென்று கொடுத்துவரும் 3டி ஆடியோ கிடைத்துவிடும். பழைய டிவியில் கேம் மோட் இருந்தால் அதையும் போடுங்கள். ஒரு லட்சம் செலவழித்தவர் பலரும் அனுபவிக்காததை நீங்கள் அனுபவிப்பீர்கள். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், இதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

பல வருடம் உட்கார்ந்து ஒருவர் ஈரமான படிக்கட்டில் விழும் காலடிக்கும் காய்ந்த மரத்தில் விழும் காலடிக்கும் தனித்தனி ஒலி பதிவு செய்திருக்கிறார். அந்த உழைப்பைக் காதில் வாங்காமலே அந்தக் கேமுக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் போடுகிறோம், 'மூட் வரல' என்று விமர்சனம் எழுதுகிறோம். எழுதுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேமைப் போட்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம், யார் நெருங்கி வருகிறார்கள் என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் புது டிவி தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் ஒரு வயரை எடுத்து மாட்டுங்கள்.