உள்ளே யார் இருக்கிறார்?

கணினி விளையாட்டு என்றால் சுட்டுத் தள்ளுவதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ (2013) என்ற விளையாட்டில் வரும் சாம் என்ற சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கதையில் ஒரு பங்கசு மனித மூளையைப் பீடித்து, மனிதரைக் கடித்துக் குதறும் பிராணிகளாக்கிவிடுகிறது. (எறும்புகளைப் பீடித்து ஆட்டுவிக்கும் பங்கசுகள் உண்மையிலேயே உண்டு.) அனர்த்தம் நடந்து 20 ஆண்டுகளின் பின், சாம் 14 வயது எல்லியிடம் கேட்கிறான்: தொற்றியவர்களின் உடலுக்குள் அந்த மனிதர்கள் இன்னும் சிக்கிக் கிடந்தால்? இல்லை, உள்ளே அவர்கள் இல்லை என்கிறாள் எல்லி. தன் கடிகாயத்தை மறைத்துக்கொண்டுதான் அவன் கேட்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. விடிந்ததும் அவனுடைய நானாவே அவனைச் சுடுகிறான். அதுவரை அப்படிப்பட்டவர்களைச் சுட்டுக்கொண்டு வந்ததோ விளையாடும் நம் கை. நாவலில் இந்தக் குறுகுறுப்பு வராது.

மனிதன் என்பதன் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்கும் கோட்பாட்டைப் ‘பின்மனிதம்’ என்கிறார்கள். அதில் பாதி சொற்சிலம்பம் என்பது என் எண்ணம். ஆனால் கதரின் ஹேல்ஸ் 1999இல் எழுதிய நூல் அப்படியல்ல. மனம் வெறும் தகவல், உடல் அதை ஊற்றிவைக்கும் பாத்திரம் என்ற நினைப்பை அவர் மறுக்கிறார்.

கேள்வி பழையதுதான். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. அந்தக் குளிரில், 18 வயதில், மேரி ஷெல்லி ‘பிராங்கன்ஸ்டைன்’ எழுதத் தொடங்கினார். அதில் வரும் உருவத்துக்குப் பேசவும் வாசிக்கவும் தெரியும்; பெயர் மட்டும் இல்லை. அதனுடன் முதலில் அன்பாகப் பேசியவர் கண்பார்வையற்ற ஒரு முதியவர்.

வெறும் கற்பனை என்று இவற்றை ஒதுக்க நம்மால் முடியாது. கொவிட்டில் இறந்தோரை எரிப்பது 2020இல் இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அது மாறவில்லை. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அடக்க வேண்டிய ஜனாஸா வெறும் கிருமிப் பொதியாகப் பார்க்கப்பட்டது. எல்லி சொன்ன அதே பதில்: உள்ளே யாரும் இல்லை. அவள் சொன்னது பயத்தில். இங்கே பயம் மட்டும்தானா என்பது வேறு கேள்வி.

பிறகு ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்தது. அதை வைத்து ஒரு விளையாட்டு செய்தால் என்ன? சிலருக்கு இது பிழையாகப் படலாம். ஆனால் அதில் சுடுவதற்கு எதுவும் இருக்காது. தூரத்து ஊரிலிருந்து வரும் வாகனத்துக்காகக் காத்திருக்க வேண்டும், கப்ர் தோண்ட வேண்டும், எது யாருடையது என்று அடையாளம் வைக்க வேண்டும். புள்ளிகள் கிடையாது. நான் விளையாடுவேன்.