ஹைடெக் லேப் வந்தது; பொறுப்பாளர் எங்கே?

அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வரவில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,000க்கும் மேற்பட்ட ஹைடெக் லேப்கள் அமைக்கப்பட்டன. தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கவும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி வழங்கவும் அரசு திட்டம் வகுத்தது. ஆனால், இவற்றையெல்லாம் மாவட்ட அளவில் பொறுப்பேற்று நடத்த, அதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரி யார் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. தலித் பிள்ளைகளுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 100க்கு 4 வீடுகளில்தான் கணினி இருந்தது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி லேப் பூட்டிக் கிடந்தாலும் வீட்டில் லேப்டாப் இருக்கும். நம் காலனிப் பிள்ளைக்குப் பள்ளிக் கணினிதான் முதல் கணினி. பேட்டரி போய் ஆறு மாதம் லேப் மூடிக் கிடந்தால், அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டே போய்விட்டது.

லேப் மட்டுமல்ல, பணமும் இதில் இருக்கிறது. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், உயர்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான விவரம் சரியாக இருக்க வேண்டும். அந்த விவரம் இருக்கும் இடம் எமிஸ் இணையதளம். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல் என்றால் உதவித்தொகை நின்றுபோகும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருந்தால் பணம் வரும். இல்லாவிட்டால் பெற்றோர் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

இப்போது பயிற்சி எப்படி நடக்கிறது? மாநில அளவில் சிலருக்குக் கற்றுத் தருகிறார்கள். அவர்கள் கருத்தாளர்களாக மாவட்டத்துக்கு வருகிறார்கள். அங்கிருந்து வட்டார வள மையம், பிறகு குறுவள மையம். கடைசிப் பள்ளிக்கு வந்து சேரும்போது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. மாவட்டத்தில் எமிஸ் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். தகவல் பதிவைக் கவனிப்பது அவர் வேலை. ஒரு மாவட்டத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு அதைவிடப் பெரியது. எந்தக் கருவி தேவை, வந்த கருவி தரமானதா, பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், எந்த ஆசிரியருக்கு என்ன பயிற்சி தேவை, மாணவர் விவரத்தை யார் யார் பார்க்கலாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பு அது. அதற்கென்று ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தொடர் பயிற்சியும் வேண்டும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் சிக்கல் இரட்டிப்பு. மாநிலத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. இவை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இல்லாமல் தனித் துறையின் கீழ் வளர்ந்தவை. மாவட்டத்தில் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகள் பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வருபவர்கள். பட்டா, நிலமெடுப்பு, விடுதி, பள்ளி எல்லாம் ஒரே மேசையில். எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-24 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. தலித் மக்களுக்கென உருவான பள்ளிகளும் அவற்றின் சொத்துகளும் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தில் எதிர்ப்பும் எழுந்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பயிற்சிப் பட்டியலில் நம் பள்ளி ஆசிரியரின் பெயரைச் சேர்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கல்வி மாவட்டங்களின் தொழில்நுட்பத் தலைவர்களுக்கென்றே தனிச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் கேரளத்தைப் பார்ப்போம். 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனம் ஆனது. வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர்களே அங்கு மாவட்டந்தோறும் மாஸ்டர் டிரெய்னர்கள். பள்ளிகளில் ஓர் ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களும் வந்தன. 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியபோது, அவற்றை நடத்தும் ஆட்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். இங்கு நாம் கருவியை முதலில் வாங்கிவிட்டு ஆளைத் தேடுகிறோம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதிக் கலம் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பேப்பரில் அழித்துவிடலாம், கணினியில்? உதவித்தொகைக்காக மாணவரின் சாதி விவரம் பதிவாகத்தான் செய்யும். அதை யார் திறக்கலாம், யார் அச்செடுக்கலாம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியல் போய்விழாமல் எப்படிக் காப்பது? இதைச் சொல்லித் தராத கணினிப் பயிற்சி அரைப் பயிற்சிதான்.

அடுத்தது வேலை. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். அவர்களில் கணினி ஆசிரியர்களும் உண்டு. பணி நிரந்தரம் கேட்டுப் பத்தாண்டுக்கு மேல் போராடியிருக்கிறார்கள். பின்னர் ஹைடெக் லேப்களுக்கான பயிற்றுநர்கள் வெளி நிறுவனம் வழியாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டனர். அரசே நிரப்பும் பணியிடத்தில் அருந்ததியர் 3 சதவீதம் உட்பட ஆதிதிராவிடருக்கு 18 சதவீதமும், பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்த நிறுவனம் எடுக்கும் ஆளுக்கு இனச்சுழற்சியை யார் சரிபார்ப்பது? பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஊரில் இருக்கும் நம் பட்டதாரிகளுக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய வேலைகள் இவை. மேலும், எப்போது நீக்கப்படுவோம் என்று தெரியாதவருக்குக் கொடுக்கும் பயிற்சி, அவர் போகும்போது அவரோடே போய்விடும்.

நிதி இல்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு சேராததால், 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. ஆசிரியர் பயிற்சிக்கும் அந்தத் திட்டத்திலிருந்துதான் பணம் வர வேண்டும். அந்தச் சண்டையில் மாநில அரசின் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்குவதும், அதில் இடஒதுக்கீட்டைக் காப்பதும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை அதே பயிற்சியில் சேர்ப்பதும் மாநில அரசே செய்யக்கூடியவை.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். லேப் இந்த மாதம் எத்தனை நாள் திறந்திருந்தது? நம் ஆசிரியர்களில் யாருக்கு, எப்போது பயிற்சி கிடைத்தது? என் பிள்ளையின் எமிஸ் பதிவும் ஆதாரும் ஒத்துப்போகின்றனவா? பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி வைத்த பதிலைத்தான் பிறகு மாவட்ட அலுவலகத்தில் காட்டிக் கேட்க முடியும்.