முறுக்கி டேப் சுத்தினா அது கனெக்‌ஷனா?

பொழுதுபோக்கா எலக்ட்ரானிக்ஸ் நோண்டற மக்களே, ஒரு கேள்வி. கோடு எழுத ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கறீங்க. ரெண்டு வயரை இணைக்க மட்டும் ஏன் பல்லால கடிச்சு, முறுக்கி, மேல கறுப்பு டேப்? கேட்டா "தற்காலிகம்தான் தல"ன்னு பதில் வரும். நம்ம ஊர் வெயில்ல டேப்போட பசை இளகி வழியும்போதும் அது தற்காலிகமாவே இருக்கும் :-)

சின்னக் கணக்கு. லூஸ் ஜாயின்ட்ல அரை ஓம் தடைன்னு வைங்க. 5 ஆம்பியர் ஓடினா அந்த ஒரு புள்ளியில 12.5 வாட் சூடு. 25 வாட் சால்டரிங் அயர்ன்ல பாதி! அதைத்தான் பிளாஸ்டிக் டப்பாக்குள்ள போட்டு மூடறீங்க.

டெர்மினல் கிடைக்கலைங்கறது வெறும் சாக்கு. ஒரு துண்டு ஹைலம் ஷீட்ல துளை போட்டு, பித்தளை போல்ட்டை நட்டு போட்டு இறுக்குங்க. வயர் நுனியில ரிங் லக்கை க்ரிம்ப் பண்ணி, ரெண்டு வாஷருக்கு நடுவுல மாட்டி, மேல இன்னொரு நட்டு. அவ்ளோதான்.

இதுலயும் சில அதிமேதாவிங்க நுனியில ஈயம் பூசி ஸ்க்ரூவுக்கு அடியில நசுக்குவாங்க. அழுத்தத்துல ஈயம் மெல்ல மெல்ல விலகும், பிடி தானா தளரும். லக் இல்லேன்னா பூசாத வயரே மேல்.

சிக்னல் வயருக்கு 2.54 மிமீ பெர்க் ஸ்ட்ரிப் போதும். ஒரு பின்னைப் பிடுங்கிட்டு எதிர்ல இருக்கற ஓட்டையை அடைச்சுடுங்க, தலைகீழா சொருகவே முடியாது.

230 வோல்ட் பக்கம் மட்டும் இந்த ஹைலம் வித்தையைக் காட்டாதீங்க, சாமிகளா. போல்ட் திறந்து கிடக்கு. அங்க மூடின கனெக்டரைக் காசு கொடுத்து வாங்குங்க.