நாட்டுப்பற்றும் தேசியவாதமும் ஒன்றா?

இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் தேசிய கீதத்தை எழுதிய தாகூர் அப்படி நினைக்கவில்லை.

1916-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேசியவாதத்தைக் கண்டித்து அவர் உரையாற்றினார். 1917-இல் அந்த உரைகள் புத்தகமாகவும் வந்தன. அப்படியென்றால் அவருக்கு நாட்டுப்பற்று கிடையாதா? 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் மக்களைச் சுட்டுக் கொன்றதும், பிரிட்டிஷ் அரசு கொடுத்த ‘சர்’ பட்டமே வேண்டாம் என்று எழுதியவர் அவர். தன் மக்களுக்கு அடிபட்டால் தனக்கு வலிக்கிறதே, அதுதான் நாட்டுப்பற்று.

தேசியவாதத்துக்கு வலி போதாது, அத்தாட்சி வேண்டும். 1985-இல் கேரளாவில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தாகூரின் அதே கீதம் ஒலித்தபோது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை, அவ்வளவுதான். பாடியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதைதான் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது.

தேசியவாதம்தானே விடுதலை வாங்கித் தந்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்னிய ஆட்சியை எதிர்க்க அது மக்களை ஒன்று சேர்த்தது உண்மை. ஆனால் எதிர்க்க அன்னியன் இல்லாதபோது, அது சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே அன்னியனைத் தேடத் தொடங்குகிறது. நாட்டை நேசிப்பவருக்கு, பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைகிறதா என்று பார்க்கும் வேலை எதற்கு? யோசித்துப் பாருங்கள்.