ஜிகினா பார்டருக்கு மதிப்பெண்ணா?



சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் நாஜிசம் ஒரு பாடம். அதற்கான புராஜெக்ட் என்றதும் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போய் சார்ட்டும் பசையும் வாங்குகிறோம். சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமை நான்கு ஜெராக்ஸ் படங்களாகச் சுருங்கி, ஜிகினா பார்டருக்கு மதிப்பெண் வாங்குகிறது. என் மகளின் வகுப்பிலும் இதுவே நடந்தது. மனம் ஆறவில்லை.

ஆனால் பக்கத்துக் கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்ததைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. ஒரு பெயர்ப் பட்டியல் எப்படிக் கொலைக்கருவி ஆகிறது என்பதை ஜெர்மனியோடு ஒப்பிட்டுப் படிக்க இதைவிட நல்ல பாடம் உண்டா?

தமிழர்களான நம் தரப்புத் தவறும் அந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்தான்.

புறநகரில் வாழும் ஈழத்துப் பெரியவர்கள் விரும்பினால், பள்ளிகள் அவர்களை வகுப்புக்கு அழைக்கட்டும். கேட்டதைப் பிள்ளைகள் சொந்த நடையில் இரண்டு பக்கம் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

ஒரு தாய், சேலையூர்